மரத்தின் தாகத்தை ஆராய்ந்த ஜகதீச சந்திர போஸ்

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் தூரமே ஓடும் ஆறு. ஆயினும் இரு பருவமழைகளின் பயனையும் பெற்று, எட்டு அணைக்கட்டுகளில் தேங்கி, கால்வாய்கள் வழியே பிரிந்து, கார், பிசானம் என்னும் இரு போக நெல்லுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் உயிரூட்டி வருகிறது. ஆற்று நீர் வயலுக்கு வரும் வழியை இப்பகுதிச் சிறுவரும் அறிவர். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதில் வியப்பில்லை. ஆனால் ஆற்றங்கரையில் நிற்கும் மருத மரத்தின் வேரிலிருந்து அதன் உச்சிக் கொழுந்துக்கு நீர் ஏறுகிறதே, அது பள்ளத்திலிருந்து மேட்டுக்கு அல்லவா செல்கிறது? இறைப்பவர் எவருமில்லை, ஏற்றமும் இல்லை, ஓசையும் இல்லை. இந்தக் கேள்விக்கு விடை காணத் தம் முதுமைக் காலத்தின் ஒரு பகுதியைச் செலவிட்ட இந்திய அறிஞர் ஒருவரின் வரலாற்றை இவ்விதழில் காண்போம்.

நம் இல்லங்களில் புல்லும் மரமும் ஓரறிவுயிர் என்று குழந்தைகளுக்குக் கற்பிக்கும்போது, உடன் ஜகதீச சந்திர போஸ் அவர்களின் பெயரையும் சொல்வது வழக்கமாகிவிட்டது. தாவரத்துக்கு உயிருண்டு என்று கருவி கொண்டு நிறுவியவர் என்ற அளவில் அவரை அறிந்திருக்கிறோம். அவர் எந்த இடத்தில் வென்றார், எந்த இடத்தில் அவர் முடிவு நிலைக்கவில்லை என்பதை நாம் பெரும்பாலும் கேட்டறிவதில்லை. பெரியோரைப் போற்றுவது நம் மரபு. மெய்யை மெய்யென்றும் அல்லாததை அல்லாததென்றும் உணர்வதும் நம் மரபே. இரண்டையும் ஒருங்கே கொண்டு அவர் வாழ்வை நோக்குதல் நன்று.

பிறப்பும் கல்வியும்

போஸ் 1858 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் வங்காளத்தில், இன்று வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். அக்காலத்தில் உயர் பதவியிலிருந்தோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்பினர். அவரோ தம் மகனை ஃபரீத்பூரில் ஒரு வங்காளப் பள்ளியில் சேர்த்தார். தாய்மொழியையும் தம் மக்களையும் அறிந்த பின்னரே பிறமொழி கற்க வேண்டும் என்பது அவர் கருத்து. மீனவர் மகனும் ஏவலர் மகனும் உடனமர்ந்து கற்ற அப்பள்ளியில், பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் ஆகியவற்றைப் பற்றி அந்தத் தோழர்கள் சொன்ன செய்திகளே இயற்கையின்பால் தம் மனத்தைத் திருப்பின என்று போஸ் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். ஆசிரியத் தொழிலில் இருந்தோர் சிந்திக்க வேண்டிய செய்தி இது. பாடநூல் தொடங்குமுன்பே குழந்தையின் அறிவியல் கல்வி தொடங்கிவிடுகிறது.

பின்னர் கல்கத்தாவில் தூய சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கே பௌதிகம் கற்பித்த லாஃபோன் பாதிரியார், வகுப்பில் கருவிகளைக் கொண்டு சோதனைகளைச் செய்து காட்டுவதில் வல்லவர். 1880 இல் மருத்துவம் கற்க இலண்டன் சென்ற போஸ், உடல்நலக் குறைவால் அப்படிப்பைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்றார். பௌதிகத்தில் இராலே பிரபுவும், தாவரவியலில் வைன்ஸ், பிரான்சிஸ் டார்வின் ஆகியோரும் அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர். பிரான்சிஸ் டார்வின், புகழ்பெற்ற சார்லஸ் டார்வினின் மைந்தர். இலைகளின் நுண்துளைகள் திறப்பதையும் மூடுவதையும் பின்னாளில் நுணுகி ஆராய்ந்தவர். தாவரமும் நீரும் பற்றிய எண்ணம் மாணவர் போஸின் மனத்தில் அப்போதே விதைக்கப்பட்டிருக்கலாம்.

ஊதியம் பெறாத மூன்றாண்டுகள்

1885 இல் தாயகம் திரும்பிய போஸ், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு அளிக்கப்பட்டது. அவர் பணி தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதி குறைக்கப்பட்டது. சமமான பணிக்குச் சமமற்ற ஊதியத்தை அவர் ஏற்கவில்லை. அதற்காகப் பணியை விட்டு விலகவும் இல்லை. மூன்றாண்டுகள் ஒரு காசும் பெறாமல் நாள்தோறும் வகுப்புக்குச் சென்று கற்பித்தார். குடும்பமோ தந்தையார் மேற்கொண்ட தொழில் முயற்சிகளால் கடன்பட்டிருந்தது. இறுதியில் அரசு பணிந்து, அவரை நிரந்தரமாக்கி, முழு நிலுவையையும் வழங்கியது. அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது. எவர்மீதும் பகை பாராட்டாமல், கடமையும் தவறாமல், தீங்கை ஏற்க மறுத்த அந்த உறுதி நம் இளைஞர்களுக்கு நல்லதொரு பாடமாகும்.

1887 இல் அபலா தாஸ் அம்மையாரை மணந்தார். இவ்வம்மையார் 1882 இல் மருத்துவம் கற்பதற்காக நம் சென்னைக்கு வந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். உடல்நலம் குன்றியதால் படிப்பை முடிக்க இயலாமற் போயிற்று. பின்னாளில் பெண் கல்விக்காகப் பெரும்பணி ஆற்றினார்.

1894 முதல் போஸ் கம்பியில்லா மின்னலைகளை ஆராயத் தொடங்கினார். 1895 இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். இக்கண்டுபிடிப்புகளால் பொருள் ஈட்ட அவர் விரும்பவில்லை. காப்புரிமை பெறுவதில் அவருக்கு நாட்டமில்லை. அறிவு அனைவருக்கும் பொதுவானது என்பது அவர் கொள்கை.

அலைகளைப் பதியும் கருவி நீண்ட நேரம் இயங்கியபின் சோர்வதையும், ஓய்வுக்குப்பின் மீள்வதையும் கண்ட அவருடைய எண்ணம் வேறு திசையில் திரும்பிற்று. உலோகமும் தசையும் தாவரமும் தூண்டலுக்கு ஒத்த முறையில் மறுமொழி தருகின்றனவோ என்று ஆராய்ந்தார். 1901 இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் இதனை அவர் எடுத்துரைத்தபோது உடலியல் அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். கட்டுரை அச்சேறாமல் நிறுத்தப்பட்டது. அவர் மனம் தளரவில்லை. 1902 முதல் தாம் கண்டவற்றை நூல்களாகவே வெளியிட்டு வந்தார். தாவரத்தின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியையும் அமைத்தார். 1917 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள், தம் பிறந்தநாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். முன்பு ஏற்க மறுத்த ராயல் சொசைட்டி 1920 இல் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

தொட்டாற்சிணுங்கியும் தொழுகண்ணியும்

தாவர அசைவுகளை ஆராயப் போஸ் தேர்ந்தெடுத்த செடிகளுள் இரண்டு நாம் நன்கறிந்தவை. ஒன்று தொட்டாற்சிணுங்கி. இதன் இலைக்காம்பின் அடியில் சிறு புடைப்பு உண்டு. தொட்டவுடன் அப்புடைப்பின் ஒரு பக்கத்துச் செல்கள் தம்மிடமுள்ள நீரை விரைந்து வெளியேற்றுகின்றன. காற்றிழந்த பந்துபோல் அப்பக்கம் தளர, இலை தாழ்கிறது. சிறிது நேரத்தில் நீர் மீண்டும் புகுந்து இலை நிமிர்கிறது. தொட்ட இடத்திலிருந்து அப்புடைப்புக்குச் செய்தியைக் கொண்டு செல்வதில் மின் துடிப்புக்குப் பங்கு உண்டு என்று போஸ் காட்டினார். இது இன்று அறிவியலுலகம் ஏற்றுக்கொண்ட உண்மை.

மற்றொன்று சித்த மருத்துவ நூலோர் போற்றும் தொழுகண்ணி. இதன் சிற்றிலைகள் எவரும் தொடாமலே தாமாக ஏறி இறங்குகின்றன. இதிலும் நீர் புகுவதும் வெளியேறுவதுமே அசைவுக்குக் காரணம். இச்சீரான அசைவை அவர் இதயத் துடிப்போடு ஒப்பிட்டார். இந்த ஒப்புமைதான் பின்னர் அவரை மரச்சாற்றின் ஏற்றம் பற்றிய கொள்கைக்கு இட்டுச் சென்றது.

ஃபரீத்பூரில் சாய்ந்து நின்ற ஓர் ஈச்ச மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலையில் அம்மரம் தலை தாழ்த்தி, காலையில் நிமிர்ந்ததைக் கண்டு மக்கள் அது வழிபாடு செய்வதாக நம்பித் திரண்டனர். போஸ் அம்மரத்தில் கருவியைப் பொருத்தி அசைவைப் பதிவு செய்து, பகலிரவு வெப்ப மாறுதலுக்கேற்பவே மரம் தாழ்ந்து நிமிர்கிறது என்று விளக்கினார். வியப்பு நிறைந்த செயலாயினும் காரணத்தைத் தேடியே தீர வேண்டும் என்ற அவருடைய பண்பு இதில் விளங்குகிறது.

சாறு ஏறும் வழி

நீர் எவ்வாறு ஏறுகிறது என்ற கேள்விக்கு வருவோம். மண்ணிலுள்ள நீரை முதலில் பற்றுவன வேர்த்தூவிகள். கண்ணுக்கு அரிதிற் புலப்படும் இத்தூவிகளுள் உள்ள கரைசல் மண்ணீரைவிடச் செறிவானது. ஆதலால் சவ்வூடு பரவல் முறையில் நீர் உட்புகுகிறது. பின்னர் வேரின் நடுவிலுள்ள சைலம் என்னும் குழாய்த் திசுவை அடைகிறது. அங்கிருந்து தண்டு, கிளை, இலை நரம்பு என ஏறி, இலையின் நுண்துளைகள் வழியே ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இவ்வாறு வெளியேறிவிடுகிறது. எஞ்சிய சிறு பங்கே வளர்ச்சிக்கும் உணவாக்கத்துக்கும் உதவுகிறது.

ஆனால் நீரை ஏற்றும் ஆற்றல் எது? விடிகாலையில் நெற்பயிரின் இலை நுனியில் முத்துப்போல் நீர்த்துளி நிற்பதை உழவர் காண்பர். அது முழுவதும் பனித்துளியன்று. வேரின் அழுத்தம் உள்ளிருந்து தள்ளிய நீரும் அதில் உண்டு. ஆயினும் அவ்வழுத்தம் சிறு பயிர்களுக்குப் போதுமேயன்றி ஓங்கிய மரத்துக்குப் போதாது. காற்றழுத்தத்தால் வெற்றிடக் குழாயில் நீர் ஏறக்கூடிய உயரமும் ஏறத்தாழ 10 மீட்டரே. தேரி மணலில் நிற்கும் பனையும் ஆற்றங்கரை மருதமும் அதனினும் மிக உயர்ந்தவை.

போஸ் இதற்கு ஒரு விடை கண்டதாகக் கருதினார். மின்னளவியோடு இணைத்த நுண்ணிய ஊசியைத் தண்டினுள் சிறிது சிறிதாகச் செலுத்தியபோது, கட்டைக்குச் சற்று வெளியே பட்டையின் உள்ளடுக்கில் மின் ஏற்ற இறக்கம் தோன்றுவதைப் பதிவு செய்தார். அந்த அடுக்கின் உயிருள்ள செல்கள் விரிந்து சுருங்கித் துடித்து, இதயம் குருதியைச் செலுத்துவதுபோல் நீரை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மேலேற்றுகின்றன என்றார். ஊக்க மருந்து துடிப்பை மிகுவிப்பதையும், நஞ்சு அதனை அடக்குவதையும் தம் சோதனைகளால் காட்டினார். 1923 இல் இக்கொள்கையைத் தனி நூலாகவே வெளியிட்டார்.

தாவரவியலார் இதனை ஏற்கவில்லை. ஏற்காததற்கு இனவேற்றுமை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட இயலாது. வலுவான சான்றுகள் எதிராக இருந்தன. 1890களின் தொடக்கத்திலேயே செருமனியில் ஸ்திராஸ்பர்கர், வெட்டிய பெருமரங்களின் அடியை நச்சுக் கரைசலில் நிறுத்தினார். வழியெங்குமிருந்த உயிருள்ள செல்கள் மாண்ட பின்னரும், அடுத்து வைத்த சாயநீர் இருபது மீட்டருக்கும் மேலே ஏறிற்று. மேலும், ஒரு கிளையைச் சுற்றிக் கட்டைவரை பட்டையை வளையமாக நீக்கினால், துடிக்கும் அடுக்கும் அதனுடன் போய்விடும். ஆயினும் மேலுள்ள இலைகள் உடனே வாடுவதில்லை. கட்டையினுள் உள்ள சைலக் குழாய்களோ முதிர்ந்தபின் உயிரற்றவை. உட்பொருள் நீங்கி வெறுங்குழாயாக நிற்பவை. நீர் ஏறுவது அவற்றின் வழியேதான்.

1894 இல் டப்ளின் நகரில் டிக்சன், ஜோலி என்னும் இருவர் கூறிய விளக்கமே இன்று ஏற்கப்படுவது. கதிரவன் வெப்பத்தால் இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது, இலைச் செல்களின் சுவர்களிலுள்ள நீர் உள்வாங்கிப் பின்னுள்ள நீரை இழுக்கிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றும் இயல்புடையன. ஆதலால் இலையிலிருந்து வேர்வரை நீர் அறுபடாத கயிறுபோல் நின்று மேலிழுக்கப்படுகிறது. 1965 இல் அமெரிக்காவில் ஸ்கொலாண்டரும் உடனாய்வாளரும் அழுத்தக் கலம் என்னும் கருவியால் இவ்விழுவிசையை உயர்ந்த மரங்களிலேயே அளந்தனர். எனவே நீரைக் கீழிருந்து இறைக்கும் இதயம் மரத்தில் இல்லை. மேலிருந்து கதிரவனே இழுக்கிறான்.

அப்படியாயின் உயிருள்ள பகுதிக்கு இதில் வேலையே இல்லையா? உண்டு. நீரைத் தேடி வளர்வது உயிருள்ள வேர்நுனி. உப்புகளைத் தெரிந்தெடுப்பது வேரின் உயிருள்ள அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு நீரை இழக்கலாம் என்று வரம்பு செய்வது இலைத்துளையின் இருபுறமும் உள்ள காப்புச்செல்கள். அவை நீரால் புடைத்தால் துளை திறக்கும், தளர்ந்தால் மூடும். வறட்சி நேர்ந்தால் இலை தன் வாயில்களைச் சாத்திக்கொண்டு, உணவாக்கத்தைக் குறைத்துக்கொண்டேனும் நீரைக் காக்கிறது. பதநீரைத் தரும் ஓட்டம் வேறு. அது சைலத்து நீரன்று, இலையில் ஆக்கிய சர்க்கரையைப் புளோயம் என்னும் உயிருள்ள திசு கொண்டு வருவது.

நாம் கொள்ள வேண்டுவது

ஜகதீச சந்திர போஸ் 1937 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் கிரிடியில் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 78. மின்னலை ஆய்விலும் தாவரங்களின் மின் துடிப்பு ஆய்விலும் அவர் காலத்துக்கு முற்பட்டவர் என்று உலகம் இன்று மதிக்கிறது. சாறேற்றக் கொள்கையோ நிலைக்கவில்லை. ஊசியால் அவர் பதிந்த மின் மாறுதல் பொய்யன்று. அதற்கு அவர் கற்பித்த காரணமே பொருந்தவில்லை. ஒரு துறையில் உண்மையைக் கண்ட ஒப்புமை மற்றொன்றில் வழிதவறச் செய்தது.

நம் சமய மேடைகளில் போஸின் பெயரை எடுத்தாள்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மரத்துக்கு இதயம் உண்டென்று விஞ்ஞானி நிறுவினார் என நாம் குழந்தைகளிடம் சொல்லி, மேல்வகுப்பில் அக்குழந்தை வேறு பாடம் கற்குமானால், அது போஸையும் ஐயுறும், நம்மையும் ஐயுறும், நாம் கற்பித்த அறத்தையும் ஐயுறும். ஓரறிவுயிர்க்குத் தீங்கு செய்யலாகாது என்னும் அறத்துக்கு மரத்தில் ஓர் இதயம் துடிக்க வேண்டிய தேவையில்லை. அந்த அறம் எந்தக் கருவியும் தோன்றுமுன்பே சொல்லப்பட்டது. கருவி மின்னோட்டத்தை அளக்கும். உயிரை அளப்பதாக அது உரிமை கொண்டாடுவதில்லை. சத்தியம் என்னும் விரதத்தை மேற்கொண்டோர், தமக்குச் சாதகமான செய்தியையே முதலில் சோதித்துக் கொள்ளக் கடமைப்பட்டவர்.

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனைகளும் உண்டு. உயிர்க்கு ஊறு நேராவண்ணம், செடியிலிருந்து பறிக்காமலே ஓர் இலைக்கொத்தைத் தெளிவான பிளாஸ்டிக் பையால் தளர்வாகக் கட்டி இளவெயிலில் ஒரு மணி நேரம் விட்டுப் பின் அவிழ்த்து விடலாம். பையின் உட்புறம் திரளும் நீர்த்துளிகள், இலையிலிருந்து நாள்தோறும் நாம் காணாமலே வெளியேறும் நீருக்குச் சான்று. இதற்கென ஒரு கிளையையும் ஒடிக்க வேண்டுவதில்லை.

திருநெல்வேலிப் பகுதிச் சாலைகளை அகலப்படுத்தும்போது வெட்டுண்ட பழைய மரங்கள் பல. எஞ்சிய மரங்களின் அடியைச் சூழச் சிமெண்டுப் பூச்சிட்டு மூடுவதையும் காண்கிறோம். வேர்த்தூவிக்கு ஈரமும் காற்றும் எட்டாவிடில் மேலே கதிரவன் இழுப்பதற்கு ஈடுகொடுக்க நீர் இராது. நீர்க்கயிறு அறுந்து, உச்சிக் கிளைகள் முதலில் காயும். நம் ஊர்களிலும் ஜினாலய வளாகங்களிலும் தளம் போடுவோர், மரத்தடியில் நான்கடி மண்ணையேனும் திறந்து விடுதல் வேண்டும். வாயற்ற உயிருக்கு அதுவே நாம் செய்யும் தண்ணீர்த் தானம். போஸ் அவர்களின் முடிவுகளுள் ஒன்று பிழைத்தாலும், அந்த உயிரின் அருகே பொறுமையாய் அமர்ந்து அது படும் துன்பத்தை அறிய முயன்ற அவருடைய நெறி பிழைக்கவில்லை. அதனை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.